ஒரு ரோகு மீனை வெட்டிப் பார்த்து மீனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்வது எப்படி?

தண்ணீரில் வாழ்வது லேசான காரியம் இல்லை. அங்கே மூச்சுவிடக் கிடைக்கும் ஆக்சிஜன் மிகக் குறைவு. காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியான ஒன்றைத் தள்ளிக்கொண்டுதான் நகர வேண்டும். உடம்பில் இருக்கும் உப்புக்கும் வெளியே இருக்கும் தண்ணீருக்கும் ஓயாத இழுபறி வேறு. மீனின் ஒவ்வொரு உறுப்பையும் இந்தச் சிக்கல்களோடு சேர்த்துப் பார்த்தால்தான், அது ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பது விளங்கும். புத்தகப் படத்தில் அம்புக்குறி பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, சமையலுக்கு வாங்கும் ஒரு மீனை ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்ப்பது எவ்வளவோ மேல். பார்த்து முடித்தபின் குழம்பும் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: மீன் வாங்குவது

முதல்முறை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது ரோகு. எல்லா ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். உறுப்புகள் பெரிதாக, தெளிவாக இருக்கும். முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடையுள்ளதாக எடுங்கள். கண் தெளிவாக, செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். கடையில் மறக்காமல், "அக்கா, செதில் எடுக்காம, வயிறு கிழிக்காம முழுசா அப்படியே குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பேசி முடிப்பதற்குள் செதிலை உரசித் தள்ளிவிடுவார்கள்.

ஒரு பெரிய தட்டு, கூர்மையான கத்தரிக்கோல், கையுறை, ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையத் தண்ணீர், டார்ச் உள்ள கைபேசி. இவை போதும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

படி 2: வெட்டுவதற்கு முன் வெளியே பார்ப்பது

மீனைத் தலை இடப்பக்கம் வருமாறு படுக்க வையுங்கள். முதலில் வாயைப் பாருங்கள். ரோகுவின் வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும், உதடு தடித்து, ஓரம் மடிப்பு மடிப்பாக இருக்கும். பக்கத்துக் கூடையில் கட்லா இருந்தால் அதன் வாயையும் பாருங்கள். அது மேல்நோக்கித் திறக்கும். கட்லா நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும், ரோகு நடுமட்டத்தில் மேயும், மிர்கால் அடிமட்டத்தில் கிளறித் தின்னும். குளத்தில் இந்த மூன்றையும் ஒன்றாக விட்டு வளர்ப்பதற்குக் காரணம் இதுதான். ஒன்றின் சாப்பாட்டுக்கு இன்னொன்று போட்டிக்கு வராது.

அப்புறம் தோலைத் தடவிப் பாருங்கள். அந்த வழுவழுப்பு, மீனின் தோல் சுரக்கும் கோழை. கிருமிகளிடமிருந்து காப்பதும், நீந்தும்போது உராய்வைக் குறைப்பதும் அதன் வேலை. தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் உயிருள்ள மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்வது இதனால்தான். உலர்ந்த கை அந்தப் பூச்சை உரித்துவிடும்.

உடலின் பக்கவாட்டில், செவுள்மூடியிலிருந்து வால்வரை ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதா? அது பக்கக்கோடு. கோட்டின் மேல் உள்ள ஒவ்வொரு செதிலிலும் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளைகளுக்கு உள்ளே இருக்கும் உணர்செல்கள், நீரில் ஏற்படும் மெல்லிய அசைவைக்கூட உணரும். கலங்கிய குளத்தில், கண் பயன்படாத இடத்திலும் மீன்கள் ஒன்றையொன்று மோதாமல் போக இது உதவுகிறது. அந்தக் கோட்டில் உள்ள செதில்களை எண்ணிப் பாருங்கள். ரோகுவில் 40-ஐ ஒட்டி வரும். மீன் இனங்களைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் பார்க்கும் அடையாளங்களில் இந்த எண்ணிக்கையும் ஒன்று.

ஒரு செதிலைப் பிடுங்கி, கழுவி, கைபேசி டார்ச் மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். மீன் வளர வளரச் செதில்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருக்கும் செதிலே பெரிதாகிறது, கோடுகளும் கூடுகின்றன. வளர்ச்சி மந்தமாகும் காலத்தில் கோடுகள் நெருங்கி விழும். குளிர்நாட்டு மீன்களில் இதை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். நம் பக்கம் ஆண்டு முழுக்க வெப்பம் என்பதால் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அதனால் உங்கள் மீனுக்கு வயது சொல்ல அவசரப்பட வேண்டாம்.

படி 3: செவுள், இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் போதும் என்பேன்.

செவுள்மூடியைக் கத்தரிக்கோலால் அதன் அடியிலிருந்து வெட்டி எடுத்துவிடுங்கள். உள்ளே நான்கு சிவப்பு வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். மறுபக்கமும் நான்கு. முதல் வளைவின் இரண்டு முனைகளையும் வெட்டி வெளியே எடுங்கள். ஒரு பக்கம் வெள்ளையாகச் சீப்புப் பற்கள்போல் இருப்பவை, இரையும் குப்பையும் செவுளுக்குள் போகாமல் தடுப்பவை. மறுபக்கம் சிவப்பாக, மெல்லிய இழைகளாக இருப்பதுதான் மூச்சுவிடும் பகுதி.

இப்போது அந்த வளைவைக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் போடுங்கள். இழைகள் ஒவ்வொன்றும் பிரிந்து விரியும். வெளியே தூக்குங்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கற்றையாகச் சுருங்கும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து பாருங்கள்.

கரையில் போட்ட மீன் ஏன் மூச்சுத் திணறிச் சாகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லி ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருப்பது சுமார் 7.6 மில்லிகிராம், கன அளவாகப் பார்த்தால் 6 மில்லிகூட முழுதாகத் தேறாது. ஆக, கரைக்கு வந்த மீனைச் சுற்றி ஆக்சிஜன் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் தண்ணீரின் தாங்கல் இல்லாமல் இழைகள் ஒட்டிக்கொள்வதால், அதை உறிஞ்சப் பரப்பு இல்லாமல் போய்விடுகிறது.

அவ்வளவு குறைந்த ஆக்சிஜனில் மீன் எப்படிச் சமாளிக்கிறது? ஒவ்வொரு இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றில் ரத்தம் ஓடும் திசையும் தண்ணீர் ஓடும் திசையும் நேர் எதிரெதிர். ஏற்கனவே ஆக்சிஜன் ஏறிய ரத்தம், இன்னும் அதிக ஆக்சிஜன் உள்ள புதுத் தண்ணீரைச் சந்திக்கிறது. ஆக்சிஜன் குறைந்த ரத்தம், பாதி தீர்ந்த தண்ணீரைச் சந்தித்து அதிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இப்படி முழு நீளத்துக்கும் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். நீரில் உள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம்வரைகூட மீன்களால் எடுக்க முடிகிறது. நம் நுரையீரல் கால்வாசியைத்தான் எடுக்கிறது.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் இருப்பது, 30 டிகிரியில் முன்னே சொன்ன 7.6-க்கு இறங்கிவிடும். வீட்டில் மீன்தொட்டி இருந்தால் ஒரு நிமிடத்துக்குச் செவுள்மூடி எத்தனை முறை அசைகிறது என்று காலையிலும், வெயில் ஏறிய பிற்பகலிலும் எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். குளங்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும் ஆக்சிஜன் பற்றாக்குறையால்தான். இரவெல்லாம் பாசி ஆக்சிஜனை உண்டாக்காமல் செலவு மட்டும் செய்திருக்கும்.

படி 4: வயிற்றைத் திறப்பது

மலத்துளையில் கத்தரிக்கோலின் நுனியை விட்டு, அடிவயிற்றின் நடுவாகத் தொண்டைவரை வெட்டுங்கள். நுனியை ஆழமாக விடாதீர்கள். பிறகு மலத்துளையிலிருந்து மேலே வளைத்து வெட்டி, செவுளின் பின்புறம்வரை கொண்டுவந்து பக்கச் சுவரை எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஈரலை ஒட்டிக் கரும்பச்சையாக ஒரு சிறு பை இருக்கும். அது பித்தப்பை. உடைந்தால் மீன் கசக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான விஷயம், ரோகு, கட்லா போன்ற கெண்டை மீன்களின் பித்தப்பை நச்சுள்ளது. மருந்து என்று நம்பி விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்த சம்பவங்கள் இந்தியாவில் பதிவாகியுள்ளன. உடையாமல் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இரைப்பையைத் தேடினால் கிடைக்காது. கெண்டை இன மீன்களுக்கு இரைப்பையே இல்லை. தொண்டையிலிருந்து நேராகக் குடல்தான். அதைப் பிரித்து நீட்டினால் மீனின் நீளத்தைப்போலப் பல மடங்கு வரும். செடி, பாசி தின்னும் உயிருக்குச் செரிமானத்துக்கு நேரம் வேண்டும், அதற்குத்தான் இந்த நீளம். தாடையிலும் பல் இல்லை. தொண்டைக்குள் விரலை விட்டால் கடைசிச் செவுள் வளைவுக்குப் பின்னால் கெட்டியாகப் பற்கள் தட்டுப்படும். அரைப்பது அங்கேதான்.

செவுள்களுக்குக் கீழே, பின்புறமாகச் சிறியதாக, கருஞ்சிவப்பாக இருப்பது இதயம். ஒரு மேலறை, ஒரு கீழறை மட்டும். ரத்தம் இதயத்திலிருந்து செவுளுக்குப் போய், அங்கிருந்து நேராக உடம்பெங்கும் போய்த் திரும்பி வரும்.

சூல்கொண்ட மீனாக இருந்தால் வயிறு நிறைய லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். ஆனால் ரோகு குளத்தில் தானாக முட்டையிடாது. மழைக்கால ஆற்று வெள்ளம் அதற்கு வேண்டும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிட வைக்கலாம் என்று மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சௌதுரி ஒடிசாவில் 1957 ஜூலை 10 அன்று செய்து காட்டினார். இன்று நாம் வாங்கும் வளர்ப்பு ரோகுவுக்கு வழி திறந்தது அதுதான். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

படி 5: காற்றுப்பை

குடலை ஒதுக்கினால் மேலே வெள்ளையாகப் பளபளக்கும் பை ஒன்று தெரியும். நடுவில் இடுங்கி இரண்டு அறையாக இருக்கும். உடையாமல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். சதையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனமானவை. இந்தக் காற்று இல்லாவிட்டால், மூழ்காமல் இருக்கவே மீன் சதா நீந்த வேண்டியிருக்கும். ரோகுவில் இந்தப் பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. மேலே வந்து காற்றை விழுங்கிப் பையை நிரப்பிக்கொள்ளலாம்.

பையின் முன்முனைக்கும் உள்காதுக்கும் இடையில் சிறு எலும்புகளின் தொடர் ஒன்று இருக்கிறது. 1820-ல் இதை விவரித்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் வெபரின் பெயரால் வெபர் எலும்புகள் என்பார்கள். ஒலியில் பை அதிர, அந்த அதிர்வு எலும்பு வழியே காதுக்குப் போகிறது. கெண்டை மீன்களுக்குக் காது கூர்மையாக இருப்பது இதனால்தான்.

படி 6: சிறுநீரகமும் உப்பும்

முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ரத்தக்கட்டிபோல் இருப்பதை நாம் சுரண்டி எறிந்துவிடுவோம். அதுதான் சிறுநீரகம். நன்னீர் மீனின் உடம்பில் வெளியே உள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம் என்பதால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றுவது இந்த உறுப்பு. இழக்கும் உப்பைச் செவுள் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். கடல் மீனுக்கு எல்லாம் தலைகீழ். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருப்பதால் அது கடல்நீரைக் குடிக்கிறது, உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. கடலிலேயே கிடந்தும் வஞ்சிரத்துக்கு நாம் உப்பு போட வேண்டியிருப்பது இதனால்தான். சுறா வேறு வழி கண்டது. ரத்தத்தில் யூரியாவைத் தேக்கி நீரிழப்பைத் தடுக்கிறது. பழசான சுறாவில் அமோனியா நெடி அடிப்பது அந்த யூரியா சிதைவதால்.

படி 7: சதை

மீதியைத் துண்டு போட்டு வேகவையுங்கள். வெந்த சதை இதழ் இதழாகப் பிரியும். ஒவ்வொரு இதழும் ஒரு தசைப் பட்டை. தலையிலிருந்து வால்வரை இவை வரிசையாகச் சுருங்கி விரிவதால்தான் உடம்பு இருபக்கமும் வளைந்து மீன் முன்னே போகிறது. பக்கக்கோட்டின் அடியில் பழுப்பாக இருக்கும் சதை, நாள் முழுக்க நிதானமாக நீந்துவதற்கு. வெள்ளைச் சதை, திடீரென்று பாய்ந்து ஓடுவதற்கு.

அடுத்த முறை விரால் வாங்கிப் பாருங்கள். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறை இருக்கும். கொஞ்சம் தண்ணீரில் அதை உயிரோடு வைத்து விற்க முடிவது அதனால்தான். மேலே வரவிடாமல் தடுத்தால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.