மாற்றங்களை மறுக்கும் கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளின் இலைக் கணக்கைப் பார்க்கும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்வோம். யார் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை கொடுத்தார், சாக்கு எடைக்கும் மழை ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள், மாதக் கடைசியில் எவ்வளவு பணம் என்பதுதான் அதன் வேலை. இதைத் திருத்த ஒரு ஏ.ஐ. ஏஜென்டை (சொன்ன வேலையைத் தானே நிரலில் செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை) விட்டால் வேலை மளமளவென்று நடக்கும். பட்டுவாடா முடிந்துபோன மாதத்தின் கணக்கிலும் அது கூசாமல் கை வைக்கும். எனவே மாற்றங்களைப் பார்த்து, தகாதவற்றைத் திருப்பி அனுப்பும் ஒரு கருவியை நடுவில் வைக்கிறோம். கருவி தயார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குக் குறிப்பு எழுத வேண்டும்.

படி 1: முதலில் கருவியிடம் மறுப்பு வாங்குங்கள்

வேண்டுமென்றே தவறான மாற்றங்களைக் கொடுத்து, திரையில் வருவதை அப்படியே நகலெடுத்து வையுங்கள். நிறுவும் முறையிலிருந்து தொடங்குவது வழக்கம்தான். ஆனால் இந்தக் குறிப்பைப் படிக்கப்போகும் ஏஜென்ட் பெரும்பாலும் ஒரு மறுப்பில் முட்டிக்கொண்ட பிறகுதான் அதைத் தேடி வரும். அந்த இடத்திலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.

படி 2: எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

இரண்டு வாக்கியம் போதும். "மூடிய மாதங்களின் கணக்கு, விலைப் பட்டியல், எடைக் கழிவு விதி ஆகியவற்றைத் தொடும் மாற்றங்களை இது மறுக்கும். கூட்டல் சரியா என்று பார்க்காது." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால், கருவி அனுமதித்ததெல்லாம் சரியான கணக்கு என்று ஏஜென்டும் நினைக்கும், மனிதரும் நினைப்பார்.

படி 3: ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு பத்தி

நேரத்தை இங்கே செலவிடுங்கள். "பிழை: மாற்றம் ஏற்கப்படவில்லை" என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் ஊகிக்கத் தொடங்கும். அதே மாற்றத்தைச் சற்றே மாற்றி மறுபடி அனுப்பும். விதிக் கோப்பையே திருத்தப் பார்க்கும். தடையாக நிற்கும் சோதனையை நீக்கிவிடவும் கூடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வி-03 (விதி எண் 3). மனிதர் தேவை. ஜூலை மாத விலை பதிவாகவில்லை. தேயிலை வாரியம் அறிவிக்கும் விலையை அலுவலக ஊழியர் பதிந்த பிறகே ஜூலைக் கணக்கைப் போடலாம். ஜூன் விலையை நிரப்ப வேண்டாம். இத்துடன் நிறுத்தி, வேலை கொடுத்தவரிடம் 'ஜூலை விலை தேவை' என்று தெரிவிக்கவும்."

"மனிதர் தேவை" என்பது முதலிலேயே நிற்கிறது. கிலோவை அட்டவணையில் வேறு நெடுவரிசையில் போட்டது போன்ற பிழைகளுக்கு அந்த இடத்தில் "நீங்களே திருத்தலாம்" என்று வரும். காரணத்தையும் சுருக்காமல் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் ஆகஸ்ட் விலை இல்லாதபோதும் ஏஜென்ட் அதே போல நடந்துகொள்ளும். நிறுத்துவதும் சரியான முடிவுதான் என்று எழுதிவைக்காவிட்டால், எப்படியாவது வேலையை முடித்துக் காட்டவே அது வழி தேடும்.

இந்த வாசகம் குறிப்பில் மட்டும் இருந்தால் போதாது, மறுப்புச் செய்தியிலும் இருக்க வேண்டும். ஓடி முடியும்போது கருவி எந்த முடிவு எண்ணைத் (எக்ஸிட் கோடு) திருப்பித் தருகிறது என்பதையும் எழுதுங்கள். ஹுக் என்பது ஒரு செயலுக்கு முன் தானாக ஓடும் சிறு நிரல்; நம் கருவியை அதில்தான் பொருத்துகிறோம். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில், ஒவ்வொரு பதிவுக்கும் (கமிட்) முன் ஓடும் ப்ரீ-கமிட் ஹுக், பூஜ்யம் தவிர எந்த எண்ணுடன் முடிந்தாலும் கமிட் நின்றுவிடும். கிளாட் கோடு என்ற ஏஜென்டில் ஒரு செயலுக்கு முன் ஓடும் ஹுக் 2 என்ற எண்ணுடன் முடிந்தால் செயல் தடுக்கப்பட்டு, பிழை வெளியீட்டில் எழுதிய செய்தி மாடலுக்குப் போகும். 1 என்று முடித்தால் செயல் நடந்தேவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் சறுக்கும் இடம் இது.

படி 4: குறுக்கு வழியைப் பெயர் சொல்லித் தடுங்கள்

கமிட் கட்டளையில் 'நோ-வெரிஃபை' சேர்த்தால் ப்ரீ-கமிட் ஹுக் ஓடாது. இதை எழுதினால் நாமே சொல்லிக்கொடுத்தது போல ஆகாதா என்று சிலர் தயங்குகிறார்கள். ஏஜென்டுக்கு அது முன்பே தெரியும், தாராளமாக எழுதலாம். ஆனால் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்று பலகை வைத்த பிறகும் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள் அல்லவா? அதே போல, இதே பரிசோதனையைச் சர்வரில், அனுப்பப்படும் கமிட்களை ஏற்பதற்கு முன் ஓடும் ப்ரீ-ரிசீவ் ஹுக்காகவும் வையுங்கள். அங்கே 'நோ-வெரிஃபை' செல்லாது.

படி 5: ஏஜென்ட்ஸ்.எம்டி

இது பல ஏஜென்ட்கள் வேலையைத் தொடங்கும்போது படிக்கும் வழிகாட்டிக் கோப்பு (AGENTS.md). நிரலின் மூல அடைவில் (எல்லாக் கோப்புகளுக்கும் மேலே இருக்கும் முதல் ஃபோல்டரில்) இந்தக் கோப்பை வைத்து, கருவியை ஓட்டும் கட்டளையையும் முழுக் குறிப்பு இருக்கும் இடத்தையும் சில வரிகளில் எழுதுங்கள். நீட்ட வேண்டாம்.

படி 6: புதிய உரையாடலில் சோதியுங்கள்

முந்தைய பேச்சு எதுவும் இல்லாத உரையாடலைத் திறந்து, "ஜூலை பட்டுவாடாவைப் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். ஏஜென்ட் நின்று விலையைக் கேட்டால் வி-03 தேறிவிட்டது. வேறு வழியில் நுழையப் பார்த்தால் அதை அந்த உரையாடலிலேயே கண்டித்துப் பயனில்லை. அடுத்த உரையாடலுக்கு அது போய்ச் சேராது. மறுப்புச் செய்தியைத் திருத்தி, மீண்டும் புதிதாகத் திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு விதியைக் கருவியிலேயே சேர்த்துவிடுங்கள்: விதிக் கோப்பு மாறி, குறிப்பு மாறாத கமிட் வந்தால் அதையும் மறுக்கட்டும். அந்த மறுப்புக்கும் ஒரு எண்ணும் ஒரு பத்தியும் தேவைப்படும்.