பூட்டிக் கிடந்த எம்ஜிபி: செல்ஃப் அடிப்பதற்கு முன்னால்

அறுபதாம் கல்யாணச் சாந்தியோ முன்னோருக்குப் படைப்போ வந்தால்தான் செட்டிநாட்டில் பல வீடுகள் திறக்கின்றன. கார் ஷெட்டும் அன்றைக்குத்தான். தார்ப்பாயை விலக்கினால் ஐயா ஓட்டிய எம்ஜிபி, அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பேரன் காரைக்குடிக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்துவிடுவான். பொழுது சாய்வதற்குள் ஊருணியைச் சுற்றி ஒரு வலம் வந்தாக வேண்டும் அவனுக்கு. காற்றுப் பார், விளக்கைப் பார் என்று சொல்ல யாரும் தேவையில்லை. புதிதாக வருகிறவர்கள் விடாமல் செய்கிற, ஒரு காலத்தில் நாங்களும் செய்து காசைக் கரைத்த தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பேட்டரி மாட்டிய கையோடு செல்ஃப்

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பல வருஷம் நின்ற எஞ்சினில் ஆயில் மொத்தமும் அடித்தொட்டியான சம்புக்கு இறங்கியிருக்கும். சிலிண்டர் சுவர் காய்ந்து, பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கும். செல்ஃப் மோட்டார் அதை ஒரே வெட்டாக இழுக்கும்போது ரிங் முறியும், இல்லையென்றால் சுவரில் கீறல் விழும். வால்வு, அது ஏறி இறங்கும் குழாயான கைடில் இறுகியிருந்தால் இன்னும் மோசம். கேம் தள்ளும், வால்வு அசையாது, நடுவில் இருக்கும் தள்ளுகம்பியான புஷ்ராட் வளைந்துவிடும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மூன்றாவது செல்ஃபுக்கு ‘டக்’கென்று சத்தம் வந்தது. பேட்டரி வீக் என்று நினைத்து லாரி பேட்டரி கொடுத்து மறுபடியும் அடித்தார்கள். பிரித்துப் பார்த்தால் புஷ்ராட் இரண்டு வளைந்திருந்தது, ஒரு ரிங் மூன்று துண்டு. அரைக் குவளை ஆயிலில் முடிந்திருக்க வேண்டியது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோரில் போய் நின்றது. கல்யாண வீட்டு அவசரத்தை எஞ்சினிடம் காட்டினால் இப்படித்தான்.

முதலில் நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஏடிஎஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் மண்ணெண்ணெயையும் சரிபாதி கலந்து, துளைக்கு 10 மில்லி ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு டாப்கியரில் போட்டு வண்டியை ஆள் வைத்து மெல்ல, மிக மெல்லத் தள்ளுங்கள். வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவர் திறந்தே இருக்கட்டும். எட்டு வால்வும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்று ஏறாமல் நின்றாலும், ஏறியது இறங்காவிட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மரச் சுத்தியலால் தட்டி, அது தானாக ஆடும்வரை காத்திருங்கள்.

அதற்கப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், ஏனென்றால் ஊற்றிய கலவை கீழே இறங்கியிருக்கும். 20டபிள்யூ50 கிரேடு ஆயில், ஏறத்தாழ நாலேகால் லிட்டர் பிடிக்கும். முடிவாக டிப்ஸ்டிக்கைத்தான் நம்ப வேண்டும். கவரை மூடும் முன் ராக்கர்மேல் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். பிளக் இல்லாமலே, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் 10 விநாடி செல்ஃப், ஒரு நிமிஷம் ஓய்வு. ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை இப்படியே. நாலைந்து தடவைக்கும் எழும்பாவிட்டால் பம்ப் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் பைப் யூனியனை அவிழ்த்து உள்ளே ஆயில் செலுத்திவிட்டுத்தான் அடுத்த செல்ஃப். முள் எழும்பிய பிறகுதான் பிளக்குக்கும் பெட்ரோலுக்கும் வேலை. சூடேறி ஓடும்போது பிரஷர் 50க்கும் 80 பிஎஸ்ஐக்கும் இடையில் நிற்க வேண்டும்.

பேட்டரியைத் திருப்பி மாட்டுவது

1967 வரை வந்த எம்ஜிபி பாசிடிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். சீட்டுக்குப் பின்னால் தளத்தடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். இடையில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கலாம், ஆகவே ஆண்டை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பாடியில் முடுக்கிய ஒயரின் கிளாம்ப் துளை பெரிதா சிறிதா என்று பாருங்கள். பேட்டரியில் பாசிடிவ் தூண்தான் தடிமன், ஆகவே துளை பெரிதென்றால் பாசிடிவ் எர்த். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இதை மாற்றிக் கொடுத்தால் டயோடு அந்த நொடியே போய்விடும்.

அம்பாசிடர் சாமான் சேரும் என்று நம்புவது

பாதி உண்மை. இரண்டும் பி சீரிஸ் என்ற ஒரே எஞ்சின் குடும்பம்தான், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கும் ஒரே 88.9 மில்லிமீட்டர். அதனால்தான் பழைய அம்பாசிடர் மெக்கானிக்குக்கு இந்த வண்டி அந்நியமாகத் தெரிவதில்லை. வால்வு எண்களைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்ற டாப்பெட் (வால்வு இடைவெளி வைக்கும்) கணக்கு இங்கேயும் செல்லும்: 1 முழுக்கத் திறந்திருக்கும்போது 8ஐ வை. ஆனால் அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினுக்குச் சிலிண்டர் விட்டமான போர் 73 மில்லிமீட்டர், எம்ஜிபியின் 1798 சிசிக்கு 80.26. பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் மூன்றையும் அந்தக் கடையில் கேட்காதீர்கள்.

பழைய பெட்ரோல், பழைய ஹோஸ்

டேங்கில் கிடப்பதை முழுக்க வடித்துவிடுங்கள். அரக்கு வாடை அடிக்கும். அதோடு முடியவில்லை. பங்கில் இன்று ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரையும் கார்க் பேக்கிங்கையும் அது ஊற வைத்து விரிசல் விட வைக்கும். இந்த எஞ்சினில் கார்பரேட்டர் இரண்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. ஹோஸ் கசிந்தால் சொட்டு விழுவது சுடுகிற இரும்பில். எத்தனால் தாங்கும் ‘ஆர்9’ என்று அச்சிட்ட ஹோஸாகப் பார்த்து மாற்றுங்கள்.

பிரேக் ரப்பரை மண்ணெண்ணெயில் கழுவுவது

ஒர்க்‌ஷாப் பழக்கம். ரப்பர் உப்பி, பிரேக் பிடித்தது பிடித்தபடி நின்றுவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள், டாட் 4. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ரேடியேட்டரில் போர்த் தண்ணீர்

உப்புப் படியும். டிஸ்டில்ட் வாட்டர், மூன்றில் ஒரு பங்கு கூலன்ட்.

எலி

ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள்.

ஸ்போக் வீலை நம்புவது

துடைத்தால் பளபளக்கும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. வீலைத் தாங்கி நிற்பது, அதை மாட்டும் ஹப்போடு கோத்துக்கொள்ளும் நடுப் பல்வரிசை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீங்கள் வீலை முன்னும் பின்னும் திருகுங்கள். ஹப் நிற்க, வீல் மட்டும் ‘கிளிக்’கென்று நகர்ந்தால் பல் தேய்ந்துவிட்டது. பல் முழுக்கச் சாய்ந்தால் பிரேக் ஹப்பைத்தான் பிடிக்கும், வீல் சுற்றிக்கொண்டே போகும். அந்தச் சத்தம் கேட்ட வண்டியைத் தார்ப்பாய்க்குள்ளேயே விட்டுவிட்டு, ஹப்பும் வீலும் சேர்த்து வாங்குங்கள். புது வீலைத் தேய்ந்த ஹப்பில் மாட்டினால் அதையும் சீக்கிரமே தின்றுவிடும்.