சாலை சைக்கிள் ஷூ: காலை அளந்து வாங்குவது, கிளீட் பூட்டுவது

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. என் முதல் சைக்கிள் ஷூவோடு (அடியில் திருகிப் பொருத்தும் கிளீட் என்ற கட்டையால் பெடலில் பூட்டிக்கொள்ளும் வகை) ஏறியபோது ஒன்பதாவது வளைவுக்கு மேல் என்னால் போக முடியவில்லை. தொடையில் வலு இருந்தது, மூச்சும் சீராக இருந்தது. வலது பாதத்தின் முன்பகுதி மட்டும் தணலில் வைத்ததுபோல் எரிந்து, பிறகு மரத்துப்போனது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, கீழே தெரிந்த அணையைப் பார்த்தபடி விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஷூவின் நீளம் சரியாகத்தான் இருந்தது, அகலம் போதவில்லை. ஒரு மாதம் போட்டால் இளகிவிடும் என்று விற்றவர் சொன்னார், நம்பினேன். எங்கள் அப்புச்சியின் தோல் செருப்பு அப்படித்தான் இளகும். விளக்கெண்ணெய் தடவி இரண்டு நாள் வைத்தால் காலுக்குப் படிந்துவிடும். ஆனால் சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை செயற்கைப் பொருளால் ஆனவை, அடிப்பாகமோ வளையவே வளையாது. வாங்கும் நாளில் அழுத்துகிற ஷூ ஒரு வருடம் கழித்தும் அழுத்தும். காலுக்குத் தகுந்த செருப்பு என்பார்களே, அதை இந்த ஷூ விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டும்.

முதல் படி: மாலையில் அளங்கள்

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். காலையில் கிளம்பும்போது இருந்த கால் மாலையில் இருப்பதில்லை. வெயிலும் உழைப்பும் சேர்ந்தால் பாதம் வீங்கும். அதனால் காலையில் அளந்த அளவை நம்பாதீர்கள். மாலையில், முடிந்தால் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து அளங்கள்.

சுவரோரம் தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். ஓட்டும்போது போடும் அதே மெல்லிய காலுறையோடு, குதிகால் சுவரைத் தொட, எடை முழுவதையும் அந்தக் காலில் ஊன்றி நில்லுங்கள். குனிந்து நீங்களே கோடு போட்டால் எடை மாறிவிடும். வீட்டில் யாரையாவது பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையச் சொல்லுங்கள். சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை நீளம். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும், அதையும் கவனியுங்கள். பெருவிரலின் அடி மூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடி மூட்டு வரை அகலம். இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எண்ணை நம்பாமல் சென்டிமீட்டரைப் பாருங்கள்

சைக்கிள் ஷூக்கள் ஐரோப்பிய எண்ணில் வருகின்றன. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர் வித்தியாசம். அரை எண் என்றால் 3.3 மில்லிமீட்டர். ஷிமானோவின் பட்டியலில் 26.5 சென்டிமீட்டர் பாதத்துக்கு 42 என்று இருக்கும். இன்னொரு நிறுவனத்தில் அதே பாதத்துக்கு வேறு எண் வரலாம். நடக்கும் ஷூவின் எண்ணை அப்படியே சொல்லி வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: அகலம்

காட்டிலும் களத்துமேட்டிலும் செருப்பில்லாமல் ஓடி வளர்ந்த கால் முன்பக்கம் விசிறிபோல் அகன்றிருக்கும். நம் ஊர்ப்பக்கம் அப்படிப்பட்ட கால்கள் ஏராளம். பந்தய ஷூக்களில் பலவோ ஒடுங்கிய காலுக்காகச் செய்யப்பட்டவை. அகலம் போதாதபோது பலரும் ஓர் எண் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அப்போது நீளம் கூடிவிடும், குதிகால் ஆடும், பக்கவாட்டு அழுத்தம் மட்டும் பெரிதாகக் குறையாது. ஷிமானோ போன்ற சில நிறுவனங்கள் அதே எண்ணிலேயே அகல வடிவமும் தருகின்றன. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள்.

இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கமோ பெருவிரல் பக்கமோ சதை ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கானது இல்லை. எரிச்சலும் மரத்துப்போதலும் வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம்: விரல் எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்புகள் பக்கவாட்டில் நெரிபடுகின்றன.

நான்காம் படி: போட்டுப் பார்ப்பது

இருபது நிமிடமாவது போட்டபடி கடையில் உட்காருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும், நுனியில் இடிக்கக் கூடாது. குதிகால் அசையாமல் கவ்வியிருக்க வேண்டும். நடக்கும்போது துளி எழும்புவது அடி வளையாததால் வருவது, அது குறையல்ல. உட்கார்ந்து காலை மேலே இழுக்கும்போதும் குதிகால் கழன்று வந்தால் வேறு ஷூ பாருங்கள்.

பட்டையையோ திருகு டயலையோ இறுக்கும்போது புறங்காலுக்கு மேல் பிடிப்பாகவும், விரல் பக்கம் தளர்வாகவும் வையுங்கள். டயலை முழுவதும் திருகிய பிறகும் பிடிப்பு வரவில்லை என்றால் உள்ளே இடம் அதிகம் என்று பொருள். லேஸ், வெல்க்ரோ, டயல் மூன்றுமே வேலை செய்யும். ஓட்டும்போதே ஒரு கையால் தளர்த்த முடியும் என்பதால் எனக்கு டயல் பிடிக்கும்.

ஐந்தாம் படி: கார்பனா, நைலானா

நைலான் வாங்குங்கள். கார்பன் அடி எடை குறைவு, விறைப்பு அதிகம், விலை பன்மடங்கு. 2016-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வில், மிதமான வேகத்தில் ஓட்டுபவர்கள் சாதாரண ஓட்டப்பயிற்சி ஷூவோடு ஓட்டினாலும் கிளீட் பூட்டிய சைக்கிள் ஷூவோடு ஓட்டினாலும் உடல் செலவழிக்கும் சக்தியில் வித்தியாசம் தெரியவில்லை. எழுந்து நின்று முழு வலுவோடு மிதிக்கும்போது பெடலை விட்டுக் கால் வழுக்காது என்பதுதான் சைக்கிள் ஷூவின் உண்மையான பயன். பணத்தை விறைப்புக்குக் கொடுப்பதைவிடச் சரியான அகலத்துக்குக் கொடுங்கள்.

ஆறாம் படி: கிளீட்

இங்கே பொறுமை வேண்டும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 5,400 முறை சுற்றுகிறது. கிளீட் சற்றே கோணலாக இருந்தால் அந்தக் கோணலை முழங்கால் 5,400 முறை தாங்க வேண்டும்.

முதலில் பொருத்தம் பாருங்கள். சாலை ஷூவின் அடியில் மூன்று துளைகள் இருக்கும், மலைச் சைக்கிள் ஷூவில் இரண்டு. பெடலும் கிளீட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கிளீட்டின் நிறத்திலும் ஏமாறாதீர்கள். பூட்டிய பிறகும் பாதம் பக்கவாட்டில் எவ்வளவு திரும்பலாம் என்பதை நிறம் காட்டும். ஷிமானோவில் மஞ்சள் 6 டிகிரி அசைவு தரும், நீலம் 2, சிவப்பு அசையவே அசையாது. லுக் நிறுவனத்தின் கியோ வகையில் சிவப்புதான் மிக அதிகமாக, 9 டிகிரி அசையும், சாம்பல் 4.5, கறுப்பு அசையாது. புதியவர்கள் ஷிமானோ என்றால் மஞ்சளில் தொடங்குங்கள்.

ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலுக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பைத் தடவிக் கண்டுபிடித்து, ஷூவின் பக்கவாட்டில் அந்த இடத்தைக் குறியுங்கள். சுண்டுவிரல் பக்க எலும்பையும் அப்படியே குறியுங்கள். அது சற்றுப் பின்னால் இருக்கும். கிளீட்டின் நடுப்புள்ளி இந்த இரண்டு குறிகளுக்கும் இடையே வர வேண்டும். பாதம் எரிகிறவர்கள் அதை இன்னும் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளிப் பார்க்கலாம். கோணத்துக்கு, உயரமான மேசையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, பெடலிலும் அப்படி நிற்கும்படி கிளீட்டைத் திருப்புங்கள். இரண்டு காலும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டியதில்லை. திருகுகளில் துளி கிரீஸ் தடவி, 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு அளவுக்கு முடுக்குங்கள். கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவையுங்கள். நகர்ந்தால் உடனே தெரியும்.

ஷூவும் கிளீட்டும் சேர்ந்து கால் உயரத்தை மாற்றும். இருக்கை உயரத்தைச் சரிபார்க்காமல் வெளியே கிளம்பாதீர்கள்.

ஏழாம் படி: முதல் வாரம்

பெடலின் பிடி இறுக்கத்தைக் கடைசி வரை தளர்த்திவிடுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பி விடுவிக்கும் பழக்கத்தை ஒவ்வொரு காலிலும் ஐம்பது முறை செய்யுங்கள். பிறகு பள்ளி மைதானம், அதற்குப் பிறகு அதிகாலையில், கோவையில் பேரூர் வழியாகச் சிறுவாணிச் சாலை. உக்கடம் பக்கம் முதல் வாரத்தில் வேண்டாம். முன்னால் போகும் பஸ் எப்போது நிற்கும் என்று தெரியாது; நிற்பதற்கு இருபது அடிக்கு முன்பே ஒரு காலை விடுவித்துவிடும் பழக்கம் அதற்குள் வந்திருக்க வேண்டும்.

மலைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு எதிரே, பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் பக்கமாக ஓட்டிப் பாருங்கள். அந்தக் காற்றில் மிதிப்பதை ஒரு நொடியும் நிறுத்த முடியாது. ஷூ எங்கே அழுத்துகிறது என்பது தானாகவே வெளிப்பட்டுவிடும். திரும்பி வந்ததும் திருகுகளை ஒருமுறை முடுக்கி, மார்க்கர் கோட்டையும் பார்த்துவிடுங்கள்.