பலர் கைபட்டு ஒரு சுவர்: பாலஸ்தீனத்துக்காக முதல்முறை சுவரோவியம் வரைபவர்களுக்கு

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், டிவிஸ் தெருவில் நீளமான ஒரு சுவர் இருக்கிறது. சர்வதேசச் சுவர் என்பார்கள். உலகத்தின் எந்த மூலையில் போராட்டம் நடந்தாலும் ஒருநாள் அதில் வந்து ஏறிவிடும். 2024-இல் அந்தச் சுவரைப் பாலஸ்தீனத்துக்குக் கொடுத்தார்கள். அப்போது உள்ளூர் ஓவியர்கள் தங்கள் கற்பனையை ஓரமாக வைத்துவிட்டு, பாலஸ்தீன ஓவியர்களின் படங்களை வாங்கிப் பெரிதாக்கி வரைந்தார்கள். கை இவர்களுடையது, படம் அவர்களுடையது.

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில், ஒரு சைக்கிள் கடையின் பக்கச் சுவரில், போன வருடம் நாங்களும் ஒன்று வரைந்தோம். ஏறக்குறைய பதினைந்து பேர், மூன்று சனிக்கிழமைகள். ஒருவரும் ஓவியர் இல்லை. நான் கடைசியாக வரைந்தது பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டில் ஒரு தவளை. ஆகவே இது தெரிந்தவர் சொல்லும் பாடம் அல்ல, தப்புச் செய்து திருத்தியவர் சொல்லும் செய்முறை.

முதலில் கேளுங்கள்

பெயிண்ட் கடைக்குப் போகும் முன் ஊரில் இருக்கும் பாலஸ்தீனர் யாரிடமாவது போய் உட்காருங்கள். எங்கள் முதல் வரைபடத்தில் முள்வேலி, டாங்கி, அழும் குழந்தை எல்லாம் இருந்தன. எங்களுக்குப் பரம திருப்தி. பாலஸ்தீனத் தோழி ஒருவரிடம் காட்டினோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்தத் தெரு வழியாகத்தான் என் மகள் பள்ளிக்குப் போகிறாள். தினமும் இதைப் பார்த்துக்கொண்டா போகவேண்டும்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது ஆலிவ் அறுவடை. அக்டோபர், நவம்பரில் குடும்பத்தோடு தோப்புக்குப் போவார்கள். மரத்தடியில் பெரிய துணியை விரித்து, ஏணி சாத்தி, கிளையிலிருந்து காயை உருவி விழவைப்பார்கள். கிழவியிலிருந்து குழந்தை வரை எல்லோருக்கும் வேலை உண்டு. அன்றே முதல் வரைபடத்தைக் கிழித்துப் போட்டோம்.

சுவரும் அனுமதியும்

சுவர் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வருடம் இருக்கும், கெட்டுப்போனால் யார் சரிசெய்வது, எடுக்கவேண்டும் என்றால் எத்தனை நாள் முன்பு சொல்லவேண்டும், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். உள்ளூராட்சியின் அனுமதி வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள்.

முக்கியமான ஒன்று: படத்தை முழுதாகக் காட்டிய பிறகே சம்மதம் வாங்கவேண்டும். சான் பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பாலஸ்தீன அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீதுக்கு மாணவர்கள் ஒரு சுவரோவியம் திட்டமிட்டார்கள். அதில் சாவியோடு நின்ற ஹன்தலா என்ற கேலிச்சித்திரச் சிறுவனின் உருவத்தைப் பல்கலைக்கழகத் தலைவர் ஏற்கவில்லை. நீண்ட இழுபறிக்குப் பின் அந்த உருவம் இல்லாமல்தான் 2007-இல் ஓவியம் திறக்கப்பட்டது. எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதை மாட்டீர்கள் என்பதைக் குழுவுக்குள் முன்பே பேசிவிடுங்கள். ஏணிமேல் நின்றுகொண்டு பேசுகிற விஷயம் அல்ல அது.

இன்னொன்றும் பேசவேண்டும். கோபத்தில் யாராவது யூதர்களை இழிவாகக் காட்டும் படம் கொண்டுவந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். 1989-இல் மேற்குக் கரைக்குப் போய்ப் பாலஸ்தீனர்களோடு சேர்ந்து சுவரோவியம் வரைந்த ‘பிரேக் த சைலன்ஸ்’ குழுவைத் தொடங்கியவர்களே நான்கு அமெரிக்க யூதப் பெண்கள்தாம்.

படம்: தெரிந்து வரையுங்கள்

கொடியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மேலே கறுப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, கம்பம் இருக்கும் பக்கம் சிவப்பு முக்கோணம். முக்கோணத்துக்குள் வெள்ளை நட்சத்திரம் வைத்தால் அது ஜோர்டான் கொடி. பச்சை முக்கோணம் போட்டு, மேலே சிவப்பும் கீழே கறுப்பும் அடித்தால் சூடான்.

தர்ப்பூசணி இதே நான்கு வண்ணம். 1967-க்குப் பிறகு இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதிகளில் கொடி காட்டத் தடை இருந்தது, 1993-இல்தான் தளர்ந்தது. 1980-இல் ரமல்லாவில் ஓர் ஓவியக் கண்காட்சியை இஸ்ரேல் ராணுவம் மூடியபோது, இந்த வண்ணங்களில் தர்ப்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான் என்று ஓர் அதிகாரி மிரட்டியதாக ஓவியர் ஸ்லிமான் மன்சூர் சொல்லியிருக்கிறார். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு இதைவிட எளிதான உருவம் கிடையாது, ஒரு அரைவட்டமும் சில விதைகளும் போதும்.

ஹன்தலா, கேலிச்சித்திரக்காரர் நஜி அல்-அலி 1969-இல் படைத்த பத்து வயதுச் சிறுவன். 1948-இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டபோது நஜிக்கு அந்த வயது. வெறுங்கால், ஒட்டுப்போட்ட உடுப்பு, முள்ளாக நிற்கும் முடி, பின்னால் கட்டிய கைகள். 1973-லிருந்து அவன் நமக்கு முதுகுதான் காட்டுகிறான். எங்கள் குழுவில் ஒரு பையன் ஆசையாக அவனுக்கு முகம் வரைந்து கொண்டுவந்தான். ரொம்ப அழகான முகம். ஆனால் திரும்பி நிற்பதுதான் ஹன்தலா, முகம் வைத்துவிட்டால் அவன் வேறு பையன். நஜி 1987-இல் லண்டனில் சுடப்பட்டு இறந்தார் என்று சொன்னதும் பையன் தானாகவே முகத்தை அழித்துவிட்டான்.

சாவி, விட்டுவந்த வீட்டின் சாவி. நக்பா (பேரழிவு) என்று பாலஸ்தீனர்கள் சொல்லும் 1948 வெளியேற்றத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள், பல குடும்பங்கள் சாவியை இன்றும் வைத்திருக்கின்றன. வரையும்போது பழைய காலத்து நீளமான இரும்புச் சாவியாக வரையுங்கள், இன்றைய பூட்டுச் சாவி வேண்டாம்.

ஓரத்துக்குப் பாலஸ்தீனக் குறுக்குத்தையல் வடிவத்தைச் சிபாரிசு செய்வேன். தத்ரீஸ் என்பார்கள், 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எல்லாமே சின்னச் சதுரங்கள் என்பதால் சமையலறை ஸ்பாஞ்சை இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, பெயிண்டில் தொட்டு ஒற்றினாலே போதும். புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவர்கள் எண்ணாமலே போட்டுவிடுவார்கள். கையால் வரைய ஆரம்பித்து நாங்கள் நொந்துபோனது கெஃபியா என்ற பாலஸ்தீனத் தலைத்துண்டின் வலைப்பின்னல்தான். அதற்குப் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் ஓட்டை வெட்டி ஸ்டென்சில் செய்துகொள்ளுங்கள்.

அரபியில் ஏதாவது எழுதுவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அரபி எழுத்துகள் வலமிருந்து இடமாகச் சேர்ந்து ஓடும். சில கணினி மென்பொருள்கள் அவற்றைப் பிரித்து, திருப்பியும் போட்டுவிடும். நம் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிய்த்துக்கொண்டு அச்சாகும் பேனர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே கூத்து. அரபி படிக்கத் தெரிந்தவர் ஒருவர் காகிதத்தில் ஒருமுறை, சுவரில் ஒருமுறை என்று இரண்டு தடவை பார்க்கட்டும்.

சுவரைத் தயார் செய்தல்

இது சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. முதலில் ஈரச் சோதனை. ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரவு முழுதும் விடுங்கள். காலையில் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தால் அந்தச் சுவர் இப்போதைக்கு வேண்டாம். உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள், தண்ணீர் ஊற்றினால் உப்பு மறுபடி உள்ளே இறங்கும். பொரிந்த பழைய பெயிண்டைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட் அடியுங்கள். புதுச் சிமென்ட் பூச்சாக இருந்தால் 28 நாள் பொறுக்கவேண்டும்.

எங்கள் சுவர் 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், மொத்தம் 18 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதுர மீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டு இரண்டு லிட்டர் பிரைமர் வாங்கினோம். சுவர் முடியும் முன்பே தீர்ந்தது. செங்கல் சுவரின் இடுக்குகள் குடித்துவிட்டன. சொரசொரப்பான சுவர் என்றால் ஒன்றரை மடங்கு வாங்குங்கள். வண்ணங்களுக்கு வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் எடுங்கள். குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் அது சரியாகப் பிடிக்காது, குளிர்நாட்டில் இருப்பவர்கள் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் போட்டுப் பெரிதாக்குதல்

வரைபடத்தை 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் தாளில் வரைந்து, 5 சென்டிமீட்டர் கட்டம் போட்டோம். சுவரில் அது 50 சென்டிமீட்டர் கட்டம். அகலத்தில் 12, உயரத்தில் 6, ஆக 72 கட்டங்கள். கோட்டுக்குக் கொத்தனார் மாதிரிச் சுண்ணக்கட்டித் தூள் தடவிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் போதும். ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் அதே கட்டத்தில் சாக்பீஸால் வரையுங்கள், முழுப் படத்தையும் பற்றிக் கவலைப்படவேண்டாம். அவ்வப்போது தெருவைத் தாண்டிப் போய் நின்று பாருங்கள். பக்கத்தில் நின்று வரைந்ததில் படத்தில் இருந்த பாட்டியின் ஒரு கை மற்றதைவிட ஒரு கட்டம் நீளமாக வந்திருந்தது.

கோடுகளுக்கு மார்க்கர் பேனா எடுக்காதீர்கள். எத்தனை கோட் அடித்தாலும் மேலே கசிந்து தெரியும்.

எல்லோர் கையும் பட

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில், காசாவின் ரஃபா நகரோடு தோழமை காட்டும் பெரிய சுவரோவியம் ஒன்று உண்டு. 2003-இல் ரஃபாவில் இஸ்ரேல் ராணுவ புல்டோசர் ஏறி இறந்த அமெரிக்கச் செயற்பாட்டாளர் ரேச்சல் கோரியின் ஊர் அது. ஓவியம் ஓர் ஆலிவ் மரம், அதன் இலைகளை வெவ்வேறு குழுக்கள் செய்து தந்தன. அந்த யோசனையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். தண்டையும் ஆட்களையும் கை நிலையாக இருக்கும் மூன்று பேர் வரைந்தார்கள், இலைகள் ஊருக்கு. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு இலை.

மற்ற இடங்களில் எண் போட்டோம். சிவப்புக்கு 1, பச்சைக்கு 2 என்று சுவரில் சாக்பீஸால் எழுதி, பெயிண்ட் டப்பாவிலும் அதே எண். நான்கு வயதுக் குழந்தைக்கும் புரியும். குழந்தைகளுக்குத் தரையிலிருந்து எட்டும் உயரம் மட்டும், ஏணியில் பெரியவர்கள் மட்டும், ஒருவர் ஏறினால் ஒருவர் பிடிக்கவேண்டும். வெளியே வரமுடியாத முதியவர்கள் சிலர் வீட்டிலேயே வரைய ஆசைப்பட்டார்கள். இதற்கென்று பாராசூட் துணி என்று சொல்லும் மெல்லிய நெய்யாத துணி கிடைக்கிறது. மேசையில் விரித்து அக்ரிலிக்கில் வரைந்து, அக்ரிலிக் ஜெல் தடவிச் சுவரில் ஒட்டிவிடலாம். தள்ளி நின்று பார்த்தால் ஒட்டியது என்று தெரியாது.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு, கறுப்பு ஓரக்கோடு கடைசி. ஒரு வாரம் காயவிட்டு, வெயில் தாங்கும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கோட்.

அப்புறம், பெயிண்ட் மீந்தால் கொட்டிவிடாதீர்கள். இப்படிப்பட்ட ஓவியத்தின்மேல் யாராவது எதையாவது ஊற்றக்கூடும். எங்களுக்கு வரைந்து முடித்த ஏழாம் மாதம் நடந்தது, ஒரு பக்கெட் வெள்ளை பெயிண்ட். அடுத்த சனிக்கிழமையே சரிசெய்யப் போனோம். பச்சை டப்பாவைத் திறந்தால் உள்ளே ரப்பர் மாதிரி இறுகிக் கிடந்தது. புதிதாகக் கலந்த பச்சை எவ்வளவு முயன்றும் பழையதோடு ஒத்துவரவில்லை, தோழியின் மகள் வரைந்த இலை மட்டும் கொஞ்சம் வேறு நிறத்தில் இருக்கிறது. மீந்ததைச் சின்ன டப்பாக்களில் விளிம்புவரை நிரப்பி, எண்ணும் கலவை விகிதமும் எழுதி ஒட்டி, மூடியை இறுக்கித் தலைகீழாக வைத்துவிடுங்கள்.