ஊர்த் தண்ணீரைச் சோதித்து முடிவை வீடு சேர்ப்பது: சேலம் கல்லூரி மாணவர்களுக்கு

நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். இத்தனை நேரத்தையும் கோயில் வளாகம் கூட்டுவதிலும் மரக்கன்று நடுவதிலும் கரைத்துவிடுகிற கல்லூரிகள் நிறைய. நட்ட கன்றுக்கு மே மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. வேதியியல், நுண்ணுயிரியல், சிவில் படிக்கிற பிள்ளைகளால் ஊருக்கு இதைவிடப் பயனுள்ள வேலை ஒன்றைச் செய்ய முடியும்: குடிதண்ணீரைச் சோதிப்பது, முடிவை வீடு வீடாகச் சொல்வது, மாற்றுத் தண்ணீர் கிடைக்கும்வரை கூட நிற்பது. மூன்றாவதைச் செய்ய முடியாது என்றால் முதல் இரண்டையும் தொடங்க வேண்டாம். "உங்க போர் தண்ணி சரியில்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவது ஊரைப் பயமுறுத்துவதில்தான் முடியும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

எந்த ஊர் என்பதைப் பொறுத்து எதைச் சோதிப்பது என்பது மாறும். ஏற்காட்டுக்கு மேலே ஊற்றும் ஓடையும் குடிதண்ணீராக இருக்கிற மலைக்கிராமங்களில் முதல் சந்தேகம் கிருமி. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து சாணமும் மலமும் அடித்துக்கொண்டு வரும். காபிப் பழம் உரித்துக் கழுவுகிற மாதங்களில் அந்தக் கழிவுநீர் ஓடையில் கலக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடிவாரத்தில், ஓமலூர், காடையாம்பட்டி, அயோத்தியாப்பட்டணம் பக்கம், ஆழ்துளைக் கிணறுதான் பலருக்கும் ஆதாரம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஃபுளூரைடு. இந்த மாவட்டத்தின் அடிப்பாறை கடினப்பாறை. பாறை இடுக்கில் நீண்ட நாள் தங்குகிற தண்ணீரில் பாறையின் ஃபுளூரைடு கரைந்து சேர்கிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் இன்னும் அதிகம் கரையும். அதனால் சோப்பு நன்றாக நுரைக்கிற, வாய்க்கு இனிக்கிற 'நல்ல தண்ணி'யிலும் ஃபுளூரைடு கூடுதலாக இருக்கலாம். நாக்கை நம்ப முடியாது. டி.டி.எஸ். மீட்டரையும் நம்ப முடியாது: கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கைத்தான் அது சொல்லும். லிட்டருக்கு 300 மி.கிராம் காட்டுகிற தண்ணீரில் ஃபுளூரைடு வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும். ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர் தண்ணீரில் கம்பி வைத்து மின்சாரம் பாய்ச்சிக் காட்டும் பழுப்புக் கசடு, அந்தக் கம்பியே அரித்து வருவது. ஊரில் யாராவது அதைப் பார்த்துப் பயந்திருந்தால் முதலில் அதை விளக்கிவிடுங்கள்.

போவதற்கு முன்

ஊராட்சித் தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் கல்லூரிக் கடிதம் கொடுங்கள். எத்தனை போர், எத்தனை மேல்நிலைத் தொட்டி, காவிரிக் கூட்டுக் குடிநீர் எந்தத் தெருவரை வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டேங்க் ஆபரேட்டருக்குத்தான் இது துல்லியமாகத் தெரியும். ஒரு காலை முழுக்க அவர்கூட நடங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் களச்சோதனைப் பெட்டி பழகிய பெண்கள் ஊரில் இருந்தால் அவர்களைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன பிறகும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

பட்டியல் போடும்போது ஊர்த்தெருவோடு நின்றுவிடக் கூடாது. காலனி, தோட்டத்து வீடுகள், செங்கல் சூளைக் குடியிருப்பு எல்லாம் வர வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் நன்றாக இருக்கிற தண்ணீர் கடைசிக் குழாயில் கெட்டிருப்பது வழக்கம், கடைசிக் குழாய் யார் தெருவில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பள்ளியின் சத்துணவுக் கூடத்துத் தண்ணீரை முதல் எண்ணாக எழுதுங்கள். பிள்ளைகள் குடிப்பதும் அது, சோறும் பருப்பும் வேகிற தண்ணீரும் அது. நிரந்தரப் பற்கள் உருவாகிற வயதில், சுமார் எட்டு வயதுக்குள், ஃபுளூரைடு கூடினால்தான் பல்லில் கறை விழும்.

24 மாணவர் என்றால் நாலு பேராக ஆறு குழு. ஒரு ஊரில் 20 முதல் 25 இடம் போதும். மே கடைசியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பரில் ஒருமுறை எடுங்கள். ஒரே முறை எடுத்தால் அந்தப் பருவத்தின் கதை மட்டுமே கிடைக்கும்.

தண்ணீர் எடுக்கும்போது

அடிபம்பாக இருந்தால் ஐந்து நிமிடம் அடித்துக் கொட்டிவிட்டுப் பிடியுங்கள். மோட்டாராக இருந்தாலும் ஐந்து நிமிடம் ஓட வேண்டும். குழாயில் தேங்கிக் கிடந்ததைப் பிடித்தால் இரும்புத்துருவைத்தான் அளப்பீர்கள். ரசாயனச் சோதனைக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்: அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். ஃபுளூரைடுக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம். குளிர்பானம் இருந்த பாட்டிலும் ஆகாது. கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில், அதை அலசக் கூடாது. மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும்.

பாட்டில் மேல் எண் மட்டும் எழுதுங்கள், பேர் வேண்டாம். எண்ணுக்கு உரிய இடம், நேரம், போரின் ஆழம், எத்தனை வீடு பிடிக்கிறது என்பவை நோட்டில் இருக்கட்டும். நனைந்தால் மை அழியும், பென்சிலால் எழுதுங்கள்.

சோதனை

களச்சோதனைப் பெட்டியில் வருகிற ஃபுளூரைடு சோதனை நிறம் மாறுவதைப் பார்த்துச் சொல்வது: ஃபுளூரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு வெளுத்து மஞ்சளுக்கு நகரும். லிட்டருக்கு 1 மி.கிராமுக்கும் 1.5 மி.கிராமுக்கும் நடுவேதான் கண் ஏமாறும். வெயிலில் பார்க்காதீர்கள், டியூப்லைட்டுக்குக் கீழேயும் வேண்டாம். திறந்த நிழலில் வெள்ளைத்தாள் பின்னால் வைத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். கலங்கல் தண்ணீர் நிறத்தைக் கெடுக்கும், வடிகட்டிய பிறகு சோதியுங்கள். குளோரின் போட்ட தண்ணீரும் ஏமாற்றும். பத்துக்கு ஒரு பாட்டிலை வேறு எண் போட்டு மறுபடியும் கொடுங்கள், ஒரு பாட்டிலில் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) வையுங்கள். வாலைவடிநீரில் ஃபுளூரைடு காட்டினால் அன்றைய சோதனை முழுவதும் மறுபடி.

ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மி.கிராம் தொட்ட எல்லா மாதிரியையும், மீதியில் பத்தில் ஒன்றையும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்த பிறகே ஊரில் வாய் திறக்க வேண்டும்.

கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி எளிது. கோடுவரை தண்ணீர் ஊற்றி 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுக்கும். குப்பிக்கு 30 முதல் 37 டிகிரி வெப்பம் வேண்டும். டிசம்பர் இரவில் ஏற்காட்டு அறையில் வைத்த குப்பி கிருமி இருந்தும் கறுக்காமலே நிற்கக்கூடும், 'நல்ல தண்ணி' என்று தவறாக எழுதிவிடுவீர்கள். குப்பிகளை அன்றைக்கே சேலத்துக்கு இறக்கி ஆய்வக இன்குபேட்டரில் வையுங்கள். கறுத்த குப்பியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, ஊறிய பிறகே கொட்ட வேண்டும்.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்கிற அளவுகள், லிட்டருக்கு மி.கிராமில்: ஃபுளூரைடு 1, வேறு ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகை கிடையாது. கரைந்த உப்பு 500, வேறு வழியில்லையேல் 2000. குழாயில் மீதமிருக்க வேண்டிய குளோரின் குறைந்தது 0.2. மலக்கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

சொல்கிற விதம்

தனியார் போர் என்றால் உரிமையாளரிடம் முதலில், தனியாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் எடுத்தவுடன் சொன்னால் சண்டைதான் வரும், அடுத்த முறை மாதிரி எடுக்கவும் விடமாட்டார். வீட்டுக்கு ஒரு தாள், அதில் நாலே வரி: குடிக்கலாமா, சமைக்கலாமா, குளிக்கத் துவைக்க ஆகுமா, மாற்று எங்கே. ஃபுளூரைடு கூடிய தண்ணீரில் தாராளமாகக் குளிக்கலாம், துவைக்கலாம், மாட்டுக்கொட்டகை கழுவலாம். இதைச் சொல்லாவிட்டால் போரையே மூடிவிடுவார்கள்.

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி, "காய்ச்சிக் குடிச்சா சரியாயிடுமா?" கிருமிக்குச் சரியாகும். ஃபுளூரைடுக்கு ஆகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். மெழுகுவத்தி வடிவ ஃபில்டரும் அதை நீக்காது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு நீக்குகிற நல்கொண்டா முறை உண்டு, ஆனால் தண்ணீரின் காரத்தன்மையைப் பார்த்து அளவு மாற்ற வேண்டும். வீட்டில் செய்து பார்க்கச் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல் பார்ப்பதும் மாணவர் வேலை இல்லை.

மாற்று

கிருமிக்கு மருந்து தொட்டியிலேயே இருக்கிறது. புதிய பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம். 10,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 1.5 மி.கிராம் வேண்டுமென்றால் 15 கிராம் குளோரின், அதாவது 45 கிராம் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். வாய் திறந்து கிடக்கிற மூட்டையில் குளோரின் பறந்துபோயிருக்கும். அளவு சரியாகப் போட்டும் கடைசிக் குழாயில், மீதக் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் நிறம் காட்டாததற்குப் பெரும்பாலும் அந்த மூட்டைதான் காரணம்.

ஃபுளூரைடு ஊரில், கூட்டுக் குடிநீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்கி, போர் தண்ணீரை மற்றதற்கு வைக்கச் சொல்வதே செலவில்லாத வழி. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து விடுகிறார்களா என்று பாருங்கள். பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி கைகொடுக்கும்: 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர், சிந்தியது போக 800 சேரும். 5,000 லிட்டர் தொட்டி நிரம்ப ஆறேகால் சென்டிமீட்டர் மழை போதும். 60 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 55 நாள் வரும். முதல் மழையின் அழுக்கைப் பிரிக்க ஒரு மீட்டர் குழாயை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். நாலு அங்குலக் குழாயில் மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும். இந்த அளவு மாடிக்கு 100 லிட்டர் டிரம் வேண்டும், அடியில் திறந்துவிட ஒரு கேட் வால்வும் வேண்டும். தொட்டி வாயில் கொசுவலை இல்லாவிட்டால் டெங்குக் கொசுவை வளர்த்துக் கொடுத்ததாக ஆகும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மே மாத முடிவுகளை ஆகஸ்ட் 15 கூட்டத்திலும், டிசம்பர் முடிவுகளை ஜனவரி 26 அல்லது உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கூட்டத்திலும் வையுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் தீர்மானமாக எழுதச் சொல்லி, தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். நோட்டின் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று பள்ளியில், ஒன்று அடுத்த ஆண்டு மாணவர் கையில். அதே எண், அதே குழாய், அதே மாதம். சோதனைப் பெட்டியில் மருந்தின் காலாவதி தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.