தைலமரத்தை வெட்டியதும் கட்டையைத் தோண்டிவிடாதீர்கள்

தைலமரத்தை வெட்டி லாரி ஏற்றியதும் பலர் உடனே பொக்லைனைக் கூப்பிட்டுக் கட்டைகளைத் தோண்டிவிடுகிறார்கள். பாதி மரம் ஏற்கெனவே பட்டுப்போன தோப்பு என்றால் சரி, தோண்டுங்கள். மற்றபடி அந்தக் கட்டையின் பட்டைக்கு அடியில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன, கீழே நாலைந்து வருடம் ஓடிய வேர் அப்படியே இருக்கிறது, கன்றுக்கும் நடவுக்கும் காசு போடாமல் இன்னொரு வெட்டு கிடைக்கும். கரும்பை வெட்டியபின் அதே தூரிலிருந்து மறுபடி வளரவிடும் மறுதாம்பு மாதிரிதான்.

எல்லாம் வெட்டுகிற விதத்தில் இருக்கிறது. டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கு உங்கள் கட்டையைப் பற்றி என்ன கவலை? முதல் நாள் காலையில் நீங்களே போய் நில்லுங்கள். தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரம் போதும். மண்ணோடு ஒட்ட அறுத்தால் மொட்டும் போய்க் கரையானும் ஏறும், உயரமாக விட்டால் துளிர் உச்சியில் பிடித்து, கனம் கூடியதும் காற்றுக்குப் பிய்ந்து விழும். ரம்பத்தால் லேசான சரிவாக அறுப்பது நல்லது, தண்ணீர் நிற்காது. மழுங்கின கோடாலி வேண்டவே வேண்டாம், பட்டை கிழிந்தால் அந்தப் பக்கம் துளிர்க்காது. கோடை உச்சியிலும் வெட்டாதீர்கள். மழைக்குக் கொஞ்சம் முன்னால், லாரி வயலுக்குள் வரமுடிகிற நேரம்தான் தோது.

அப்புறம் கட்டைமேல் கிடக்கும் தழை, உரித்த பட்டை எல்லாவற்றையும் விலக்கிவிடுங்கள். போக்கிடங்களில், அதாவது மரம் பட்டுப்போய்க் காலியான இடங்களில், கன்று நடுவதானால் உடனே நட்டுவிடுங்கள், தாமதித்தால் பக்கத்துத் துளிர் நிழலில் கன்று சோணங்கிவிடும்.

ஒரு கட்டையில் பத்துக்கு மேல் துளிர் வரும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாவற்றையும் விட்டால் கடைசியில் விறகுதான் மிஞ்சும். துளிர்கள் ஆள் உயரம் தாண்டியதும் கட்டைக்கு ஒன்று, பெருத்த கட்டையென்றால் இரண்டு மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். உயரமானதைவிடக் கட்டையின் அடியில் அழுத்தமாகப் பிடித்த துளிரைப் பாருங்கள், முடிந்தால் காற்று வந்து மோதுகிற பக்கத்தில் இருப்பதை, ஏனென்றால் காற்று அதைக் கட்டையோடு சேர்த்தே அழுத்தும். கழித்த இடத்தில் மறுபடி முளைக்கும், இன்னொரு முறையும் கழிக்கவேண்டும். இளந்துளிரின் இலைக்காம்பில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது குளவி வேலை, அந்தத் துளிரை விடாதீர்கள்.

இப்படி இரண்டு மூன்று முறை எடுக்கலாம், பிறகு போக்கிடம் கூடிவிடும்.

நம்மூர்ச் சவுக்கில் இதை முயலாதீர்கள், கட்டை பெரும்பாலும் துளிர்க்காது. சவுண்டல் (சூபாபுல்) மரம் நன்றாகத் துளிர்க்கும், ஆனால் ஆடு விடாது, அதனால் முதலில் வேலியை அடைத்துவிட்டு அப்புறம் ரம்பத்தை எடுங்கள்.