தாயை விட்டுவிட்டுக் குட்டியை மட்டும் தூக்கி வராதீர்கள்

போன ஐப்பசி மழையில் எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றார். "தம்பி, ஜெனரேட்டர் ரூம்ல கிடந்துச்சு. காலையிலேர்ந்து தாயைக் காணோம்." உள்ளே மூன்று பூனைக்குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். மாலையில் அந்த ரூம் வாசலில் ஒரு சாம்பல் பூனை நின்று கத்திக்கொண்டே இருந்தது. பெட்டியை அப்படியே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கால் மணி நேரத்தில் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

பூனை குட்டிகளோடு ஏழு வீடு மாறும் என்று நம் வீடுகளில் சொல்வது சும்மா இல்லை. நீங்கள் பார்க்கும் குட்டி, பாதி இடமாற்றத்தில் இருக்கலாம். இல்லையென்றால் தாய் இரை தேடப் போயிருக்கும். திரும்பி வரச் சில மணி நேரம்கூட ஆகும். மனுஷக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் உண்மையில்லை. தாய் வந்து போகிறதா என்று தெரியாவிட்டால், குட்டிகளிலிருந்து இரண்டடி தள்ளி மெல்லிசாகக் கோலப்பொடி தூவி வையுங்கள். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும். பொடியில் காலடி விழுந்திருந்தால் தாய் வருகிறது என்று அர்த்தம். ஆனால் தண்ணீர் ஏறுகிறது, நாய் சுற்றுகிறது, குட்டி தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். உடனே எடுத்துவிடுங்கள்.

எடுத்துவந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் அதிகம் குட்டிகள் சாகின்றன என்பது என் அனுபவம். சாவது பசியால் அல்ல. பாவம் பசிக்குமே என்று நாம் ஓடிப்போய்ப் பால் புகட்டுவதால். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் சூடு. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், குட்டி நகர்ந்து விலகவும் இடம் விடுங்கள். சென்னை வெயிலில் எதற்கு என்று நினைக்கலாம். மொசைக் தரை பிறந்த குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும்.

அப்புறம் நாம் செய்யும் அடுத்த தப்பு, பாலாடை. கைக்குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, பாலாடையில் பசும்பால். நானும் என் முதல் குட்டிக்கு அப்படித்தான் செய்தேன். மூக்கு வழியாகப் பால் குமிழியிட்டது. மறுநாள் மூச்சு கரகரவென்று இழுத்தது, மூன்றாம் நாள் போய்விட்டது. பால் நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: குட்டி தாயிடம் குடிப்பதுபோல் வயிறு கீழே, தலை நேராக இருக்கட்டும். ஊசியில்லாத சிறிய சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, அது உறிஞ்சும் வேகத்துக்குக் கொடுங்கள். பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பூனைக்குட்டிகளுக்கென்று பால் பவுடர் கடைகளில் கிடைக்கிறது. முதல் வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும். ஒவ்வொரு தடவையும் ஈரப்பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவிவிட வேண்டும், தானாகச் சிறுநீர் போகத் தெரியாது.

தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும், நாளுக்குப் 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலே டாக்டரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறை. பூனைகளுக்கு வரும் பார்வோ வகைக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒரு ஈத்தையே வாரிக்கொண்டு போகும். காய்ச்சலுக்கு நம் பாரசிட்டமால் பூனைக்கு விஷம், உண்ணிக்குப் போடும் நாய் மருந்துகள் சிலவும் அப்படித்தான். பூனை உங்களைக் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்து, வளர்க்க ஆளும் கிடைத்துக் குட்டியைக் கொடுத்துவிடுவோம். அத்தோடு விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பெட்டைக்குட்டி நாலு மாதத்திலேயே சினையாகலாம், சினைக்காலம் சுமார் 63 நாள். பங்குனியில் கொடுத்த குட்டி ஆவணியில் தாயாகிவிடும். ஒரு ஈத்து போடட்டும் என்று காத்திருப்பதால் அதற்கு எந்த நன்மையும் இல்லை. குட்டிக்கு ஐந்து மாதம் ஆவதற்குள் கருத்தடை ஆபரேஷன் என்று பேசி, அந்தத் தேதியில் நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள்.

தாயை மறந்தால் இதெல்லாம் ஓட்டைப் பானையில் நீர் நிரப்பும் கதைதான். குட்டிகளை எடுத்துவிட்டால் பால் வற்றி, சில வாரங்களிலேயே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். பால் கொடுக்கும்போதே சினையாவதும் உண்டு. அந்தச் சாம்பல் பூனையை, குட்டிகள் தானாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு கூண்டு வைத்துப் பிடித்தோம். இரண்டு நாள் பிரியாணித் துண்டுக்கு அசையவில்லை. மத்திக் கருவாட்டைச் சுட்டு வைத்ததும் வந்தது. ஆபரேஷன் முடித்து, அடையாளத்துக்குக் காது நுனியை நறுக்கி, பிடித்த இடத்திலேயே விட்டோம். வேறு தெருவில் விட்டால் தண்ணீரும் மறைவிடமும் தெரியாமல் தவித்துப்போகும். இப்போது ஜெனரேட்டர் ரூம் மதில்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் தன் மதியச் சோற்றில் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்.